பக்கத்து ஊர் ரெஜினா

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க, ஃபேனுக்கு நேரா. பையை எதுக்கு மடியில வெச்சிருக்கீங்க, கீழ வைங்க, தரையெல்லாம் துடைச்சுதான் இருக்கு. நன்னாரி சர்பத் கலக்கி வெச்சிருக்கேன். சர்க்கரை சேத்துக்கிறதில்லையா? இந்த வயசுல அதெல்லாம் என்ன, குடிங்க. வெயில்ல பொன்மலை வரைக்கும் வந்திருக்கீங்க.

பேரு என்ன சொன்னீங்க? மதுவந்தி. மதுன்னு கூப்பிடுறேன். வீட்டுல வந்தின்னு கூப்பிடுவாங்களா? அது நல்லா இல்ல. மதுதான்.

போன்லயே பதிவாகுதா? ஆகட்டும். நான் மறைச்சுப் பேசுறவ இல்ல. உங்க கம்பெனிக்கு எத்தனை மெயில் போட்டேன் தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரே பதில்தான். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.’ முக்கியம்னா ஒரு ஆள் வரணும்ல? இப்ப வந்திருக்கீங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஆட்டத்தைப் பத்திப் பேசுவோம். கருத்து கேட்டுத்தானே வந்தீங்க?

‘குட்டி ஊர்’ சீடியில வந்த காலத்துல இருந்து ஆடுறேன் நான். நீங்க அப்ப பால்வாடி போயிருப்பீங்க. கேமுன்னா சுடுறது, காரை இடிக்கிறதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இதுல பார்த்தா சமைக்கிறாங்க, பெருக்குறாங்க, வேலைக்குப் போறாங்க, தூங்குறாங்க. “இதைத்தானேடி நாம நிஜமாவே பண்றோம், இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?”ன்னு லீமாகிட்ட கேட்டேன். அவ சிரிச்சா. “இதுல பாத்திரம் தேய்க்க வேண்டாம்க்கா, மவுஸை அமுக்குனா போதும்”னா.

லீமா என் தங்கச்சி. லீமா ரோஸ். எங்க அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவரு, நான் காலேஜ் முடிக்கிறதுக்குள்ள போயிட்டாரு. பின்னாடியே அம்மா. லீமா அப்ப ஏழாவது. நான் கண் ஆஸ்பத்திரியில ரிசப்ஷனுக்குப் போனேன், இன்னிக்கும் அங்கதான் இருக்கேன். அவளுக்கு டியூஷன், யூனிஃபார்ம், சளி பிடிச்சா நெபுலைசர், எல்லாம் நான்தான். படிப்புக்குன்னு கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்தேன், அவ கேமைப் போட்டா. சரி, போகட்டும்னு விட்டேன்.

அந்த நாள் நல்லாத்தான் இருந்துச்சு, மது. ஒரே நாற்காலியில பாதிப் பாதி உக்காந்துக்குவோம். மவுஸ் என்கிட்ட, கீபோர்டு அவகிட்ட. ரெண்டு பொம்மை செஞ்சோம், அக்கா ரெஜினா, தங்கச்சி லீமா. மாடி வீடு கட்டினோம். அவ ஒவ்வொரு சுவத்துக்கும் ஒரு கலர் அடிப்பா. நான் மாத்தி வெள்ளை அடிப்பேன். வெள்ளைதானே வீட்டுக்கு அடக்கம்? அவ மறுபடி அடிப்பா. சண்டை போட்டுக்கிட்டே தூங்கிடுவோம்.

பழைய ஆட்டத்துல என்ன அருமைன்னா, சொன்னா கேப்பாங்க. ‘சாப்பிடு’ன்னா சாப்பிடுவாங்க. ‘தூங்கு’ன்னா தூங்குவாங்க. வயசாக வேண்டாம்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. அதை அமுக்கிட்டா அப்படியே இருப்பாங்க, நரைக்காம, சாகாம. அதை எடுத்துட்டீங்களே! யாரைக் கேட்டு எடுத்தீங்க? நாங்கல்லாம் வருஷக்கணக்கா ஆடுறவங்க, ஒரு வார்த்தை எங்களைக் கேக்கணும்ல?

லீமா போனதுக்கு அப்புறமும் நான் அதைத்தான் ஆடிக்கிட்டு இருந்தேன். எங்க போனாளா? கோயமுத்தூருக்கு. சொல்றேன்.

அவளுக்கு படம் வரையுறது, வீட்டுக்கு அலங்காரம் பண்றது, அந்த மாதிரி ஒரு படிப்பு படிக்கணும்னு ஆசை. சென்னையில இருக்காம். ஹாஸ்டல்ல தங்கணுமாம். நெஞ்சுச் சளிக்காரியை நான் எப்படி ஹாஸ்டல்ல விடுறது? பி.காம்ல போட்டேன், இங்கயே, நடந்து போற தூரத்துல. படிச்சா. நல்லாவே படிச்சா. ஒண்ணும் எதிர்த்துப் பேசல. அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு துணிக் கம்பெனியில இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. அன்னிக்கு அவளுக்கு ஜுரம். அவ இல்லைன்னா. கையை வெச்சுப் பார்த்தா எனக்குத் தெரியாதா? “படுத்திரு”ன்னு சொல்லிட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போனேன்.

அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்ல. சாப்பாடு எடுத்து வெச்சுட்டுத்தான் போனேன், மாத்திரையும் வெச்சுட்டுத்தான் போனேன். மதியம் ஓடி வந்து ஒரு தடவை பார்த்துட்டும் போனேன். படுத்துதான் இருந்தா. சுவத்தைப் பார்த்துக்கிட்டு. ஜுரம் விட்டிருந்துச்சு. பாருங்க, ஓய்வெடுத்ததாலதானே விட்டுச்சு?

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல போயிட்டா. சண்டை இல்ல, ஒண்ணுமில்ல. நான் டியூட்டியில இருந்து வந்து பார்த்தா அலமாரியில அவ பக்கம் காலி. அதே கம்பெனியில மறுபடி கேட்டு வாங்கியிருக்கா வேலையை. நான் போன் பண்ணினேன். “அக்கா, நான் நல்லா இருக்கேன்”னா. “சளி?”ன்னேன். “இல்லக்கா, இங்க வந்ததுல இருந்து சளியே இல்ல”ன்னா. வேணும்னே சொன்னா. என்னைக் குத்துறதுக்குச் சொன்னா.

கல்யாணமா? அதைக் கேளுங்க. எங்க கோயில்ல பூசை முடியுறப்போ ஃபாதர் ஓலை வாசிப்பாரு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிச்சிருக்கு, தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குத் தந்தைகிட்ட சொல்லுங்கன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை நான் முக்காடைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். “காலஞ்சென்ற லூர்துசாமி, காலஞ்சென்ற அன்னம்மாள் மகள் லீமா ரோஸுக்கும்…”னு வாசிக்கிறாரு! சுத்தி இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது, எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி சிரிச்சேன்.

பூசை முடிஞ்சதும் நேரா ஃபாதர்கிட்ட போனேன். “தடை இருக்கு ஃபாதர்”னேன். அவர் பயந்துட்டாரு. “என்ன தடைம்மா? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?” “அது தெரியாது.” “ரத்த உறவா?” “இல்ல.” “பின்ன?” “என்னைக் கேக்கல ஃபாதர்.” “அது தடையில சேராதும்மா”ன்னாரு. சேராதாம்! வளர்த்தவளைக் கேக்காதது ஒரு தடையில சேராதாம்.

கூப்பிட்டா, கூப்பிடாம இல்ல. ரெண்டு பேருமா வந்து பத்திரிகை வெச்சாங்க. இன்பராஜ்னு பேரு அவருக்கு, இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தாரு. ஆனா கூப்பிட்ட விதம் சரியில்ல. “முடிஞ்சா வாக்கா”ன்னா. முடிஞ்சா வான்னு ஊர்க்காரங்களைத்தான் கூப்பிடுவாங்க. நான் போகல.

சரி, அதை விடுங்க. இப்ப புது ‘குட்டி ஊர்’ வந்துச்சு. பழையது இனிமே ஓடாதுன்னீங்க, புது கம்ப்யூட்டர்ல போட்டா கறுப்பாத்தான் வருது. வேற வழியில்லாம இதுல ரெஜினாவையும் லீமாவையும் மறுபடி செஞ்சேன். இப்பத்தான் போட்டோவைக் குடுத்தா முகம் அப்படியே வந்துடுதே. ரெஜினாவுக்கு நரைகூட வெச்சேன், நான் பொய் சொல்ல மாட்டேன். லீமாவுக்கு மட்டும் காலேஜ் போட்டோவைக் குடுத்தேன்.

முதல் நாள் நல்லா இருந்துச்சு. ரெண்டாம் நாள் ‘சமையல் செய்’ன்னு அமுக்குறேன், லீமா நின்ன இடத்துலயே தலையை ஆட்டுறா. மாட்டேன்னு! தலைக்கு மேல ஒரு மேகம் வருது, அதுல ஒரு பஸ் படம். விளையாட வந்தவளுக்கு இது என்ன தலைவலி? சொந்த விருப்பமாம். விளம்பரத்துல போட்டிருந்தீங்களே, ‘இவர்களுக்கு இப்போது சொந்த மனம் உண்டு’ன்னு. சொந்த மனம் உள்ளவங்களைத்தான் நாங்க வெளியில பார்க்கிறோமே. அதுக்கா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து ஆடுறோம்?

தினமும் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கிறா. ஒரு நாள் நான் வீட்டுக்கதவையே எடுத்துட்டேன். பழைய ஆட்டத்துல எடுக்கலாம், கதவை எடுத்துட்டா சுவர்தான், யாரும் எங்கயும் போக முடியாது. இதுல எடுத்த உடனே ஒரு பெட்டி வருது. ‘இந்த வீட்டில் ஒருவர் வெளியே போக விரும்புகிறார்.’ நான் அதை மூடுறேன், மறுபடி வருது. மூடுறேன், மறுபடி வருது. யாரு எழுதினது அந்த வாசகம்? நீயா? ஒருமையில சொல்றேன்னு நினைக்காதே, என் தங்கச்சியை விடவே சின்னவதான் நீ. யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதியிருப்பாங்கல்ல, அவங்களுக்கு வீட்டுல பொம்பளைப் பிள்ளை இல்லையா?

கதவைத் திரும்ப வெச்சேன். அன்னிக்கே போயிட்டா. பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, பஸ் ஏறி. திரும்பிக்கூடப் பாக்கல.

அழிச்சுட்டு மறுபடி செஞ்சேன். இந்தத் தடவை குணம்னு கேக்குற இடத்துல ‘வீட்டைப் பிடித்தவள்’னு போட்டேன். போயிட்டா. ‘பயந்தவள்’னு போட்டேன், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனா. ‘சோம்பேறி’ன்னும் போட்டுப் பார்த்தேன். சோம்பேறி லீமாவும் போனா. மெதுவாப் போனா, அவ்வளவுதான்.

இதைத்தான் பிழைன்னு உங்களுக்கு எழுதினேன். ‘பிழை அல்ல, அம்சம்’னு பதில் வந்துச்சு. அம்சமாம்.

சர்பத்தை வெச்சுட்டியே. குடி.

இனிமே நீ வந்த விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து ஊர்னு ஒண்ணு வெச்சிருக்கீங்கல்ல, போன்ல நம்பர் இருக்குறவங்க யாரெல்லாம் ஆடுறாங்களோ அவங்க ஊருக்கு நாம போய்ப் பாக்கலாம்னு. ஒரு நாள் அந்தப் பட்டியல்ல ‘லீமா’ன்னு ஒரு பேரு. அவளும் ஆடுறா! விட்டுட்டுப் போனவ, ஆட்டத்தை மட்டும் விடல பாரு.

என் ரெஜினாவைக் கிளப்பி அனுப்பினேன். நல்ல சேலையா உடுத்தித்தான் அனுப்பினேன். போய்ப் பார்த்தா ஊரே கலர் கலரா இருக்கு, ஒரு சுவரும் வெள்ளை இல்ல. அவ வீடு, அந்த இன்பராஜ், அவங்களுக்கு நடுவுல ஒரு பொம்பளைப் பிள்ளை ஓடுது. பிள்ளை பொறந்தது எனக்குத் தெரியும், போட்டோ அனுப்பியிருந்தா. நான் அதைத் திறக்கல. போன்ல புகை மாதிரி நிக்கும் பாரு, அமுக்கினாத்தான் தெளியும், அப்படியே விட்டுட்டேன். அங்கதான் முதல் தடவை பாக்குறேன். சுருட்டை முடி. எங்க அம்மாவுக்கும் சுருட்டைதான்.

அப்படியே போனா, கடலோரமா ஒரு வீடு. நீலக் கேட்டு. வாசல்ல பேரு போட்டிருக்கு. ‘ரெஜினா.’

ஆமாம்மா, நான்தான். என் முகம்தான். வேளாங்கண்ணிக்குப் போனப்போ கடல்ல கால் நனைச்சுக்கிட்டுச் சிரிச்சேன், அந்த போட்டோவை எடுத்துக் குடுத்திருக்கா. முடியைத் தோள் வரைக்கும் வெட்டி விட்டிருக்கா. வண்டி ஒண்ணு நிக்குது. வேலைன்னு பார்த்தா ஊர் சுத்திக் காட்டுற வேலை, டூரிஸ்ட்டுங்களுக்கு. அம்மா உயிரோட இருக்குறப்போ ஒரு தடவை அந்த வேலைக்கு எழுதிப் போட்டேன், கூப்பிட்டாங்க, அதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு தெரியல. வீட்டுல வேற யாருமில்ல, தனியாத்தான் இருக்கா. ஆனா தனியா இருக்குற மூஞ்சியா இல்ல அது. ஞாயித்துக்கிழமைன்னா வீடு நிறைய ஆளுங்க. என்னமோ பந்து விளையாடுறா. வாயைத் திறந்து சிரிக்கிறா, பைத்தியக்காரி மாதிரி.

அந்தக் கதவைத் தட்டினேன், அதாவது என் ரெஜினா தட்டினா. அவ வந்து திறந்தா. ரெண்டு ரெஜினாவும் நேருக்கு நேர், ஒண்ணு நரைச்சது, ஒண்ணு நரைக்காதது. “ஊருக்குப் புதுசா? உள்ள வாங்க”ன்னு கேக்குறா அவ. என்னையே கேக்குறா! நான் ‘போகாதே’ன்னு அமுக்குறேன். என் ரெஜினா உள்ள போயிட்டா. சத்தியமாச் சொல்றேன், நான் அமுக்கல, அவளாத்தான் போனா. போய் சோபாவுல உக்காந்து கேக் தின்னுக்கிட்டு அவளும் சிரிக்கிறா. ‘வீட்டுக்குப் போ’ன்னு அமுக்கினேன். தலையை ஆட்டுறா. மறுபடி அமுக்கினேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுறா, மது. நரைகூட வெச்சு நான் செஞ்சவ.

புகார் பண்ணினேன். ஆமா, நான்தான் பண்ணினேன். ‘என் உருவத்தை என் அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்’னு ஒரு பொத்தான் நீங்கதானே வெச்சிருக்கீங்க? எத்தனையோ மெயிலுக்கு அசையாத கம்பெனி, அதுக்கு மட்டும் உடனே அசைஞ்சுச்சு. அவ ஊரைப் பூட்டிட்டீங்க. என் ரெஜினாவும் உள்ளதான் மாட்டிக்கிட்டா, அது வேற விஷயம்.

மறுநாள் மதியம், டோக்கன் குடுத்துக்கிட்டு இருக்கேன், போன் வருது. லீமா! கல்யாணத்துக்கு அப்புறம் குரலையே அன்னிக்குத்தான் கேக்குறேன்.

“அக்கா, நீயா பண்ணினே?”

“நான்தான்.”

“ஏன்க்கா?”

“என்னைக் கேக்காம என் முகத்தை நீ எப்படி எடுக்கலாம்?”

அதுக்குச் சொல்றா: “கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா? நான் கேட்ட எதுக்காவது நீ சரின்னு சொல்லியிருக்கியா?”

இப்படிப் பேசுறதுக்கு அங்க போய்க் கத்துக்கிட்டிருக்கா. எங்கிட்ட இருந்தவரைக்கும் வாயே திறக்க மாட்டா. நான் சொன்னேன், “அந்த மாதிரி முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆடுறவ நான் இல்லடி”ன்னு. “தெரியும்க்கா”ன்னா. “எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலக்கா. அங்கயாவது நீ சந்தோஷமா இருன்னு வெச்சேன்”னா. அழுதுக்கிட்டே வேற சொன்னா: “பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்னு அங்கதான் போவா. இப்ப பூட்டுப் படம் வருது. பெரியம்மா ஏன் கதவைச் சாத்திக்கிட்டான்னு கேக்குறா. நான் என்ன சொல்றது?”

“பெரியம்மா பொன்மலையில இருக்கா, முகவரி உனக்குத் தெரியும்”னு சொன்னேன். வெச்சுட்டா.

மறுநாள் மறுபடி பண்ணினா. ஒரே கோவம். இன்பராஜ்கூட போனை வாங்கிப் பேசினாரு, மரியாதையாத்தான் பேசினாரு. அடுத்த நாளும் பண்ணினா. நான் ஆஸ்பத்திரிக்கு லீவ் சொல்லிட்டேன், கூட்டத்துல காது கேக்க மாட்டேங்குதுன்னு. திட்டுறா, நான் உம் கொட்டிக்கிட்டே கேக்குறேன். நடுவுல ஒரு இருமல் இருமினா. “சளியா?”ன்னேன். “ஆமாக்கா, மழை”ன்னா. தூதுவளை ரசம் வைக்கச் சொன்னேன். சரின்னா. அப்புறம் என்ன நினைச்சாளோ, மறுபடி திட்ட ஆரம்பிச்சா.

இப்ப கொஞ்ச நாளாப் பண்ணல. நீ வந்திருக்கே. அவதான் உங்ககிட்ட கேட்டிருப்பா. புகாரை நான் வாபஸ் வாங்கிட்டா ஊரைத் திறந்துடுவீங்க, நான் ஒரு ‘சரி’ அமுக்கினாப் போதும், அதானே? பையில இருந்து எடுக்குறியே, அதுலதானே அந்தச் ‘சரி’யை அமுக்கணும்? உள்ள வை.

யோசிக்காமயா இருக்கேன்? பிள்ளை கேக்குதுன்னு சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஆனா நீயே சொல்லு. நான் இப்ப அமுக்குறேன், ஊர் திறந்துடுது. அப்புறம்? ‘நன்றி அக்கா’ன்னு ஒரு மெசேஜ் வரும். கும்பிடுற மாதிரி ரெண்டு கை போட்டு அனுப்புவா. பிள்ளை அந்த ரெஜினா வீட்டுக்குப் போகும். அங்க கேக் இருக்கு, கடல் இருக்கு, இங்க என்ன இருக்கு? அப்புறம் எதுக்கு இவ எனக்குப் போன் பண்ணப் போறா? எதுக்குத் திட்டப் போறா?

இல்ல, மது. புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்னு எழுதிக்கோ. உன் மேல எனக்குக் கோவமில்ல, உன் வேலையை நீ பாக்குறே. லீமாகிட்ட பேசுவேல்ல? நான் தழுதழுத்தேன்னு எல்லாம் சொல்லி வைக்காதே. ரொம்பத் திமிராப் பேசுறாங்க, அசைய மாட்டேங்கிறாங்க, நீங்களே நேர்ல போய்க் கேட்டாத்தான் உண்டுன்னு சொல்லு. அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி, கிளம்பி வந்துடுவா. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. அது என்ன சாப்பிடும், என்னன்னு அவகிட்ட கேட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு.